கல் அவர்க்கு — குழி நமக்கா?

ஆய்க்குடி! பெயரைச் சொல்லும்போதே பழமை மணக்கிறது. பொதியமலை நாட்டை ஆண்ட ஆய் அண்டிரன், கடையெழு வள்ளல்களிலே ஒருவன். புறநானூறு போற்றும் அவனது ஆய்குடி, தென்காசிக்கு அருகேயுள்ள இந்த ஊர்தான் என்று கூறுவோர் உண்டு. பாடி வந்தவர்க்கு யானைகளைப் பரிசிலாகத் தந்தான் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடி வைத்தார். கொடுத்தான்; பெயர் நின்றது.

இன்று நடப்பது கொடுப்பவர் காலமன்று, எடுப்பவர் காலம்! அடவிநயினார் அணையிலிருந்து இறங்கி வரும் அனுமன் நதி நீர் ஊட்டுகிறது, ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்த்துக் குளிர்விக்கிறது, நெல் விளைகிறது. அந்த வட்டாரத்திலே நெல்லுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே பாறை. நெல்லுக்கு விலை கேட்டு உழவன் நடையாய் நடக்கிறான். பாறைக்கோ, விலை தேடி வருகிறது! தென்காசி வட்டாரத்தில் உடைபடும் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும், டிப்பரிலும் டாரஸ் லாரியிலும் ஏறி ஓடுகின்றன. நம் ஊர்ச் சாலைகளுக்குப் போகின்றன. புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, மலைக்கு அப்பால் கேரளத்துக்கும் போகின்றன. அந்த லாரி வரிசையைக் கண்டு மக்கள் கொதித்ததும் கொடி பிடித்ததும் நாடறிந்த செய்தி.

கல் போகிறது. போகட்டும். கல் போன இடத்திலே என்ன இருக்கிறது? இதுதான் நம் கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை, குவாரி மூடிய பிறகு தேடப்படுவதாக இருக்கக் கூடாது; முதல் வெடி வைக்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

நாம் கல்லுக்குப் பகைவரா?

உடனே சிலர் உரைப்பர்: "பார்த்தீர்களா, இவர்கள் தொழிலுக்கு விரோதிகள்! வீடு வேண்டாமா? சாலை வேண்டாமா? பாலம் வேண்டாமா?"

வேண்டும்! யார் வேண்டாம் என்றது? வீரனுக்கு நடுகல் நட்டு வணங்கிய இனம் நாம். குமரிமுனையிலே வள்ளுவருக்கு 133 அடி உயரத்தில் கல்லிலே சிலை எடுத்து, 2000 சனவரி 1 அன்று திறந்து வைத்த நாடு இது. ஏழையின் குடிசை போய் வீடு எழ வேண்டுமானால் அடித்தளத்துக்குக் கல் வேண்டும். பள்ளிக்கூடம் எழ வேண்டும், மருத்துவமனை எழ வேண்டும், ஏரிக்கரையிலே கல் பதிக்க வேண்டும் — எல்லாவற்றுக்கும் ஜல்லி வேண்டும். கம்ப்ரசர் பிடித்துப் பாறையிலே குழி அடிப்பவனும், ஹிட்டாச்சி ஓட்டுபவனும், லாரியிலே இரவெல்லாம் கண் விழிப்பவனும் நம்மவர்கள்; அவர்கள் அடுப்பு எரிய வேண்டாமா?

மலையாளத்துத் தோழன் வீடு கட்ட நம் கல் போவதிலும் நமக்கு மனக்குறை இல்லை. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்சம் துறைமுகத்திலே கடலலையைத் தடுத்து நிற்கும் கற்களில் தென் தமிழ்நாட்டுக் கல்லும் உண்டு. பெருமைதான்! ஆனால் அங்கே சுவராக நிற்கும் கல், இங்கே குழியாகக் கிடக்கிறதே, அந்தக் குழிக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஒரே ஒரு அறுவடை

நெல்லை அறுத்தால் தாள் நிற்கும், மறுபோகம் வரும். மரத்தை வெட்டினாலும் தூரிலே துளிர் வரும். ஆற்று மணலைக்கூட, அளவோடு அள்ளினால், அடுத்த வெள்ளம் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும். பாறை? தென் தமிழ்நாட்டின் தரைக்கடியிலே பரந்து கிடக்கும் சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. சார்னோகைட் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தாவிலே கம்பெனிக்கு அடிகோலிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைக்கு அருகே பல்லாவரப் பகுதியிலிருந்து போன கல். அந்தக் கல்லறையின் பெயரே நம் நாட்டுப் பாறைக்குச் சூட்டப்பட்டது! எடுத்துக்கொண்டு போனவன் பெயர் கல்லிலே நின்றது. கொடுத்த மண்ணின் பெயர் நிற்கவில்லை. அன்று முதலே அப்படித்தான்!

அந்தக் கல்லை ஒரு முறைதான் அறுவடை செய்யலாம். ஒரே முறை. அதன் பிறகு குழி.

"குழியை மூடிவிடலாமே" என்பார்கள். எதைக்கொண்டு மூடுவது? நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரி ஆழத்தில் இருக்கிறது. அதன் மேலே மலை மலையாய் மண். அந்த மண்ணை எடுத்து ஒரு பக்கம் கொட்டி, நிலக்கரியை எடுத்துக்கொண்டு, மண்ணை மீண்டும் பள்ளத்திலே நிரப்பி மரம் நடலாம், நட்டும் இருக்கிறார்கள். கல்குவாரியில் அப்படியன்று. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கொஞ்சம் கிராவல், அதையும் விற்றுவிடுகிறார்கள். பிறகு கல், அது அத்தனையும் சரக்கு! போனது போனதுதான். பள்ளத்தை நிரப்ப, பள்ளத்திலிருந்து வந்த எதுவும் மிச்சமில்லை.

ஆகவே, குழியை மூடுவது என்பது பெரும்பாலும் ஏமாற்றுப் பேச்சு. குழி இருக்கத்தான் போகிறது. அது எப்படிப்பட்ட குழி என்பதே கேள்வி. பிள்ளைகள் விழுந்து சாகும் மரணக் கிணறா, ஊருக்கு நீர் தரும் குளமா? செங்குத்துச் சுவரா, மரம் நிற்கும் படியா? இதை முடிவு செய்வது கடைசி நாளன்று, முதல் நாள்!

ஏட்டிலே இருக்கிறது

சட்டம் இல்லையா? இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. 1957 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், சிறுகனிமம் பற்றிய அதிகாரத்தை மாநிலத்துக்குத் தந்தது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959 முதல் இருக்கின்றன. குடியிருப்புக்கு 300 மீட்டர் தொலைவுக்குள் புதிய குவாரி கூடாது. பக்கத்துப் பட்டா நிலத்தின் எல்லையிலிருந்து 7.5 மீட்டர் தள்ளித்தான் தோண்ட வேண்டும். சுரங்கத் திட்டம் ஒப்புதல் பெறாமல் மண்வெட்டி படக் கூடாது.

ஐந்து எக்டேர் என்றால் கேள்வி வரும் என்று, நிலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுமதி வாங்கும் தந்திரம் ஒரு காலத்தில் நடந்தது. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கிலே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திற்று: ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2020 சனவரி 8 அன்று அதே நீதிமன்றம் இன்னோர் ஆணை பிறப்பித்தது: தோண்டி முடித்த நிலத்திலே புல் வளர்த்து, செடியும் உயிரினமும் வாழத் தக்கதாக மீட்டுத் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்றது.

நல்ல சட்டம், நல்ல தீர்ப்பு. எங்கே இருக்கிறது? ஏட்டிலே இருக்கிறது! ஏடு எங்கே இருக்கிறது? அலுவலக அலமாரியிலே இருக்கிறது! அதுவும் எந்த மொழியிலே? குவாரிக்குப் பக்கத்து வயற்காரன் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியாத ஆங்கிலத்திலே, நூறு இருநூறு பக்கமாக இருக்கிறது. எவன் கிணறு வற்றுமோ அவனுக்குப் புரியாது. எவன் வீட்டுச் சுவர் வெடிக்குமோ அவனுக்குத் தெரியாது. இது நிர்வாகமா, நாடகமா?

அடைமிதிப்பான்குளம் சொல்லும் பாடம்

வெகு தொலைவு போக வேண்டாம். பக்கத்து மாவட்டம், 2019 நவம்பர் 22 வரை தென்காசியும் சேர்ந்திருந்த அதே திருநெல்வேலி. அங்கே முன்னீர்பள்ளத்துக்கு அருகே அடைமிதிப்பான்குளத்துக் கல்குவாரி. 2022 மே 14, இரவு நேரம். ஏறத்தாழ முந்நூறடிப் பள்ளம். ஊர் உறங்கும் வேளையிலே அந்தப் பாதாளத்தில் ஆறு தொழிலாளர் கல் அள்ளிக்கொண்டிருந்தனர். பாறை சரிந்தது. இருவர் பிழைத்தனர். நால்வர் பிணமாயினர். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து, மேலும் சரியும் பாறைக்கு அஞ்சி அஞ்சி, நாள் கணக்கில் போராடியே உடல்களை மேலே கொண்டுவர முடிந்தது. மனைவியர் பள்ளத்தின் விளிம்பிலே நின்று கதறினர்.

அந்தக் கண்ணீர் காய்ந்ததா? மூன்றாண்டு கழித்து, 2025 மே 20 அன்று, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரிக்கு அருகே மல்லாக்கோட்டைக் குவாரியிலே மீண்டும் பாறை சரிவு. ஆறு உயிர்கள் போயின. அதே மே மாதம்! அதே பாறை! அதே பாட்டாளி!

முதுகெலும்பு முறிந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை ஆய்க்குடிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 முதல் அமர் சேவா சங்கம் உடல் ஊனமுற்றோருக்கு வாழ்வு தேடித்தரும் ஊர் அது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தத் தெரிந்த ஊர், விழாமல் காக்கும் வழியையும் கேட்க வேண்டும்.

அந்த வழி என்ன? ஒரே சொல்: படி!

கல்குவாரியைக் கிணறுபோல் செங்குத்தாகத் தோண்டக் கூடாது. கோயில் தெப்பக்குளத்துக்குப் படி இருப்பதுபோல், ஐந்து மீட்டர் ஆழம் இறங்கினால் ஐந்து மீட்டர் அகலம் படி விட்டு, மறுபடி ஐந்து மீட்டர் இறங்க வேண்டும். நம் நாட்டுச் சுரங்கத் திட்டங்களில் இப்படித்தான் வரைந்து கொடுக்கிறார்கள். மேலேயிருந்து ஒரு கல் உருண்டால், படியிலே தங்கும்; கீழே நிற்பவன் தலையிலே விழாது. படம் அழகாக இருக்கும். பள்ளத்தை எட்டிப் பார்த்தால்? பல இடங்களிலே படி இருக்காது, சுவர்தான் இருக்கும்!

ஏன் படி மறைகிறது? சோம்பலா? மறதியா? அன்று, தோழர்களே! கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு எக்டேர் நிலம். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். முப்பது மீட்டர் ஆழம் தோண்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு அடுக்கு. முதல் அடுக்கிலே 50,000 கன மீட்டர் கல் கிடைக்கும். நாற்புறமும் ஐந்து மீட்டர் படி விட்டு இறங்கினால் அடுத்த அடுக்கிலே 40,500, அதற்கும் கீழே 32,000, பிறகு 24,500, பிறகு 18,000, அடியிலே 12,500. கூட்டினால் 1,77,500 கன மீட்டர். படியே விடாமல் செங்குத்தாக இறங்கினால்? 3,00,000 கன மீட்டர்! வேறுபாடு 1,22,500. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.6 டன். ஆகவே, இரண்டரை ஏக்கரில் படியை விழுங்கியவருக்குக் கிடைக்கும் உபரிக் கல் மூன்று இலட்சம் டன்னுக்கு மேல்!

புரிகிறதா மர்மம்? படி மறைவது மறதியாலன்று. படி என்பது பணம்! தொழிலாளி தலைக்கு மேலே பாதுகாப்பாக நிற்க வேண்டிய கல், லாரியிலே ஏறி விலையாகி விடுகிறது. கேட்பவருக்கு என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டாரத்திலே சட்டத்துக்குப் புறம்பான கல்குவாரிகளை எதிர்த்துப் புகார் மேல் புகார் கொடுத்த ஜகபர் அலி, 2025 சனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குவாரித் தொழிலில் இருந்தோரே அந்த வழக்கிலே கைதாயினர். மூன்று இலட்சம் டன்னின் எடை எத்தகையது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

திட்டம் என்றால் என்ன?

ஒழுங்கான குவாரி நடக்க முடியாதா? முடியும். எப்படி என்று சொல்லாமல் குறை மட்டும் கூறுவது நம் வழக்கமன்று. ஆய்க்குடி போன்ற ஊருக்குப் பக்கத்திலே ஒரு குவாரி வருவதாக வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றாண்டுகள் ஆகின்றன. அதைக் கிராவலோடு கிராவலாக லாரியிலே ஏற்றி விற்பது, விதை நெல்லை விற்றுத் தின்பதற்குச் சமம். குத்தகை நிலத்தின் ஓரத்திலேயே அதை உயரம் குறைந்த மேடாகக் குவித்து, மழையிலே கரையாதபடி சணப்போ கொள்ளோ விதைத்துக் காக்க வேண்டும். ஒரு நாள் படிகளிலே மரம் நட வேண்டும்போது அந்த மண்தான் உயிர். அது இல்லாவிட்டால் வெறும் பாறையிலே எதை நடுவது?

இரண்டாவது, நீர். இந்த வட்டாரத்துக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. மேட்டிலிருந்து வரும் நீர் பள்ளத்துக்குள் பாயாதபடி சுற்றிலும் வடிகால் வெட்ட வேண்டும். பள்ளத்திலே தேங்கிக் கலங்கிய நீரை அப்படியே வாய்க்காலிலே இறைத்துவிட்டால், கல்மாவு வயலிலே படியும். குளத்திலே தூர் சேரும். ஒரு தொட்டியிலே தேக்கி, தெளிந்த பிறகே விட வேண்டும். பாறை நாட்டிலே கிணற்று நீர், மேலேயுள்ள சிதைந்த பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் ஓடுகிறது. குழி அந்த வெடிப்பை அறுத்தால் கிணற்று நீர் குழிக்குள் வடியும். ஆகவே, தொடங்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதி, கிணற்றுக்காரனிடமே ஒரு பிரதி தர வேண்டும். பிறகு மாதந்தோறும் அளக்க வேண்டும். அளவு இல்லாத இடத்திலேதான் "உன் கிணறு முன்பே வற்றியதுதான்" என்ற பொய் வெல்லும்.

மூன்றாவது, வெடியும் தூசியும். வெடி வைக்கும் நேரம் ஊர் நடுவே பலகையில் எழுதப்பட வேண்டும். சங்கு ஊத வேண்டும். தகுதிச் சான்று பெற்றவனே தோட்டாவைத் தொட வேண்டும். பாறையிலே குழி அடிக்கும்போது நீர் விட்டு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழும் நுண்தூசி தொழிலாளியின் நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயாகும். பாறை உடைவதற்கு முன்பு மனிதன் உடைந்து போவான்! கிரஷரை மூடி நீர் தெளிக்க வேண்டும். லாரிக்குத் தார்ப்பாய், அளவான பாரம், முறையான நடைச்சீட்டு வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் நேரத்திலே ஓய்வு வேண்டும்.

நான்காவது, படி. மேலே கண்டோம். ஒன்றைச் சேர்க்கிறோம்: மேலடுக்கின் படி முழுமையான பிறகே கீழடுக்கில் கை வைக்கலாம் என்பது விதியாக வேண்டும். மேற்படி முடிந்தவுடன் அதிலே மண் பரப்பி மரம் நட்டுவிடலாம். கீழே கல் எடுக்கும்போதே மேலே தோப்பு வளரும். குத்தகை முடியும் நாளில், மேற்படியின் வேம்புக்கும் புங்கனுக்கும் வயது ஐந்தோ பத்தோ ஆகியிருக்கும்!

ஐந்தாவது, கடைசி நாள். குழியிலே நீர் தேங்கப் போகிறது என்றால், எந்த மட்டம் வரை தேங்கும் என்று கணக்கிட்டு, அந்த மட்டத்திலே ஒரு படியை மற்றவற்றைவிட அகலமாக, சரிவாக விட வேண்டும். லாரி இறங்கிய பாதையை வெட்டி எடுத்துவிடாமல் வைக்க வேண்டும். தவறி விழுந்த ஆடும் மாடும் பிள்ளையும் ஏறி வர ஒரு வழி! சுற்றிலும் வேலி வேண்டும். கோடை விடுமுறை தோறும், கைவிடப்பட்ட கல்குவாரியில் குளிக்கப் போன சிறுவர் மூழ்கினர் என்ற செய்தியைப் படித்துப் படித்து நம் கண் மரத்துவிட்டது. அந்தச் சிறுவர்களைக் கொன்றது நீரன்று. ஏறிவரப் படியில்லாத சுவர்!

கட்டுப்படி ஆகாதாம்!

"இத்தனையும் செய்தால் கட்டுப்படி ஆகாது" என்பார் குவாரி முதலாளி. கட்டுப்படி ஆகாத தொழிலுக்கு இத்தனை போட்டி ஏன் என்று கேட்டால் பதில் வராது. போகட்டும். ஒழுங்காக நடத்துபவரும் உண்டு. அவரை நாம் மறுக்கவில்லை. படி விட்டுத் தோண்டும் நேர்மையாளன், படியை விழுங்கும் போட்டியாளனுக்கு முன்னே விலையிலே தோற்கிறான். விதியைக் காப்பது அந்த நேர்மையாளனையும் காப்பதுதான்.

பணத்துக்கு வழியும் உண்டு. கனிமம் இருக்கும் நிலத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு உண்டா என்ற வழக்கில், 2024 சூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் "உண்டு" என்றனர். மாநில உரிமை பேசியவர்கள் மகிழ வேண்டிய தீர்ப்பு. தமிழ்நாடும் கனிம நில வரிச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை நிதியும் உண்டு. உரிமை வந்துவிட்டது, உரிமையோடு கடமையும் வரவேண்டும். எந்த ஊரிலே குழி விழுந்ததோ, அந்த ஊருக்கு அந்தப் பணத்திலே முதல் பங்கு போக வேண்டும்.

அது மட்டும் போதாது. அமெரிக்காவிலே 1977 ஆம் ஆண்டுச் சட்டம், நிலக்கரி தோண்டுவோர் நிலத்தை மீட்டுத் தருவதற்கான ஈட்டுத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. மீட்டுத் தந்தால் பணம் திரும்பும். தராமல் ஓடினால் அந்தப் பணத்தைக் கொண்டு அரசே மீட்கும். முதலாளித்துவ நாடு என்கிறோமே, அங்கேயே இந்த ஏற்பாடு! குத்தகை ஆண்டுக்கு ஆண்டு, ஒவ்வொரு படிக்கும் ஈட்டுத்தொகை என்று நம் நாட்டிலும் வைத்தால் என்ன?

குழி தோப்பானது எப்படி?

கி.மு. 413. சிசிலித் தீவிலே சைரக்யூஸ் நகர். படையெடுத்து வந்து தோற்ற ஏதென்ஸ் வீரர் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் கல்குவாரிப் பள்ளங்களிலே அடைக்கப்பட்டனர். மேலே வெயில், கீழே பிணம், ஆளுக்கு ஒரு கை நீர். அந்தக் குழிகளில் ஒன்று இன்று ஆரஞ்சும் எலுமிச்சையும் காய்க்கும் தோட்டம்! ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நம்மால் அத்தனை நாள் காத்திருக்க முடியுமா?

காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலே, கென்யாவின் மொம்பாசாவுக்கு அருகே பம்புரி என்ற ஊர். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டி, பொட்டலாகக் கிடந்தது நிலம். 1971 இல் ரெனே ஹாலர் என்பவர் அங்கே மரம் நடத் தொடங்கினார். நட்டவற்றில் பல பட்டுப்போயின. எது நின்றது தெரியுமா? நம் கடற்கரையிலே விறகுக்கு வளர்க்கிறோமே, அந்தச் சவுக்கு! அதன் சருகு மக்காமல் கிடந்தது. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று மண்ணாக்கின. மண் வந்தது, மரம் வந்தது, பறவை வந்தது. இன்று அது ஊர் பார்க்க வரும் பூங்கா.

"அது சுண்ணாம்புக்கல், நம்முடையது கடும்பாறை" என்பீரா? டெல்லிக்குப் பக்கத்திலே குருகிராமில் ஆரவல்லிக் குன்று, அதுவும் கடும்பாறைதான். கல்லுடைத்துப் பாழாக்கப்பட்ட முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திலே 2010 முதல் ஊர் மக்கள் கைகோத்து, அந்தக் குன்றுக்கே உரிய நாட்டு மரங்களை நட்டு வளர்த்தனர். 2022 இல் அது பல்லுயிர் காக்கும் இடமாக அறிவிக்கப்பட்டது. நம் ஊருக்கு ஆலும் அரசும் அத்தியும் இல்லையா? பாறை வெடிப்பிலே விதை விழுந்தாலே வேர் விடும் சாதியல்லவா அவை? படியிலே வேம்பும் வாகையும் இலுப்பையும், நீரோரத்திலே மருதும், கரையிலே பனையும் நிற்க மறுக்குமா?

நீருக்கும் சான்று சென்னையிலேயே இருக்கிறது. 2017 வறட்சியிலே ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் நீரைச் சோதித்து, சுத்திகரித்துத் தலைநகருக்குக் குடிநீராக வழங்கினர். 2019 இலும் அது கைகொடுத்தது. நாம் மேலே கணக்கிட்ட ஒரு எக்டேர்க் குழி, படியோடு தோண்டினாலும், நிரம்பினால் 17 கோடி லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். ஆனால் சோதித்த நீராக, குப்பை கொட்டாத குழியாக, ஏறி இறங்கப் படியுள்ள குளமாக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

ஆட்சியில் எவர் இருப்பினும் நாம் கேட்பது இவை: ஒவ்வொரு குவாரியின் திட்டமும் தமிழிலே, பத்துப் பக்கத்துக்குள், படத்தோடு, ஆய்க்குடி பேரூராட்சி மன்றம் போன்ற உள்ளாட்சி மன்றங்களிலும் சுற்றுக் கிராமங்களின் கிராம சபைகளிலும் படித்துக் காட்டப்பட வேண்டும். குழியின் கடைசி வடிவம் அந்தப் படத்திலே முதல் பக்கமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் குழியை அளந்து, படி இருக்கிறதா இல்லையா என்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டும். ஆளில்லா விமானம் வைத்து அளக்கும் காலத்திலே இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. ஈட்டுத்தொகை கட்டாதவருக்கு வெடி வைக்க அனுமதி கூடாது. முன்பே கைவிடப்பட்ட குழிகளுக்கு, கனிம நிதியிலிருந்து இந்த ஆண்டே வேலி போட வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தண்டோராவோ துண்டறிக்கையோ வந்தால், பந்தலிலே போடும் பிரியாணிக்காகப் போகாதீர்; பயந்து வீட்டிலே இருக்கவும் செய்யாதீர். கூட்டமாகப் போங்கள், குறிப்பெடுத்துக்கொண்டு போங்கள். திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். "படி, படி" என்றுதானே நம் இயக்கம் ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தது? படித்த பிள்ளை எழுந்து நின்று கேட்கட்டும்: ஐயா, காகிதத்திலே படித்தோம், குழியிலே படி எங்கே?

அந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் வரும் வரை, முதல் வெடி வெடிக்கக் கூடாது!